தலைவர் விழுங்கிய பழங்கள்

மலையடிவாரத்து முட்காட்டில் ஒரு குட்டை இருந்தது. குட்டைக்கரையில் ஓர் இச்சி மரம் நின்றது. அந்த வருடம் மலைமேல் மழை பிந்திவிட்டது. அங்கே இருந்த பழமரங்கள் எல்லாம் இன்னும் காயோடு நின்றன. இந்த ஒரு மரம் மட்டும் கிளை கிளையாகச் சிவந்து பழுத்திருந்தது.

அந்தப் பழத்துக்காகத் தினமும் மலையிலிருந்து ஒரு பெரிய பறவை இறங்கி வரும். அது ஓர் இருவாச்சி. பெயர் பொன்னலகன். மஞ்சள் நிறத்தில் நீளமான அலகு. அந்த அலகின் மேல் கவிழ்த்து வைத்த தொன்னை போல ஒரு கொண்டை. பார்த்தால் கிரீடம் வைத்த மாதிரி இருக்கும். உள்ளே பெரும்பாலும் காற்றுதான்.

இருவாச்சிகளின் குடும்ப வழக்கத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். முட்டையிடும் காலம் வந்தால் பெண் பறவை ஒரு பெரிய மரத்தின் பொந்துக்குள் போய் உட்காரும். சேற்றையும் எச்சத்தையும் குழைத்து, வாசலை உள்ளேயிருந்தே பூசி அடைத்துவிடும். அலகின் நுனி நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிச்சம் இருக்கும். மரநாயும் பாம்பும் உள்ளே வர முடியாது. ஆனால் தாயும் வெளியே வர முடியாது. அந்தச் சமயத்தில் அதன் இறகுகளும் உதிர்ந்துவிடும். குஞ்சு வளரும்வரை ஆண் பறவை கொண்டுவரும் பழம்தான் இருவருக்கும் சாப்பாடு. வந்தால் உண்டு. வராவிட்டால் பட்டினி.

ஆண் பறவை பழங்களைத் தொண்டைக்குள் அடைத்துக்கொண்டு பறக்கும். கீறலருகே உட்கார்ந்து ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்து நீட்டும். தொண்டை நிறையப் பழம் இருக்கும்போது பேச முடியாது. பேச வேண்டுமானால் பழத்தை விழுங்கியாக வேண்டும்.

பொன்னலகனுக்கு இது ஒரு குறையாகவே தோன்றியதில்லை. அதனிடம் பேசச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

ஒரு நாள் காலை, அது தொண்டையை நிரப்பிக்கொண்டு கிளம்பும் நேரம். குட்டைக்கரையில் நின்ற மயில் நிமிர்ந்து பார்த்தது.

"ஓ கொண்டைக்காரரே! தினமும் வருகிறீர், போகிறீர். எந்த ஊர்?"

பொன்னலகன் அலகால் மலையைக் காட்டியது.

"வாயில் என்ன, கொழுக்கட்டையா? கேட்டால் பதில் சொல்ல மாட்டீரோ!"

பொன்னலகனுக்குச் சுருக்கென்றது. தொண்டையில் இருந்த பழங்களை மடக் மடக்கென்று விழுங்கியது.

"மலைமேல் இருக்கிறேன். ராட்சத மரங்களின் காட்டில்!" என்றது.

"ராட்சத மரமா? இதோ இந்த உடைமரத்தைவிடப் பெரிதா?"

பொன்னலகன் சிரித்தது. "உடைமரமா! இதை எங்கள் பக்கத்தில் புல்லோடு சேர்ப்போம். எங்கள் குங்கிலிய மரத்தின் உச்சியில் மேகம் சிக்கிக்கொள்ளும். கிழித்துக்கொண்டுதான் போக வேண்டும்!"

சேற்றில் புரண்டுகொண்டிருந்த காட்டுப்பன்றி எழுந்து வந்தது. அது பெண் பன்றி. எதைப் பற்றிப் பேசினாலும் அதற்குச் சாப்பாடுதான் நினைவு.

"அவ்வளவு பெரிய மரமா, தம்பி? அப்படியானால் அடியில் கிழங்கு எவ்வளவு பெரிதாக இருக்கும்!"

கரையோரம் கல் போலக் கிடந்த ஆமை தலையை நீட்டியது. "நான் பிறந்ததிலிருந்து பார்த்த உயரமான பொருள் இந்தப் பன்றியம்மாளின் முழங்கால்தான். ராட்சத மரம் என்றால் நானும் வருகிறேன்."

"எல்லோரும் போவோம்!" என்றது மயில். "ஆனால் நாம் என்ன ஆட்டு மந்தையா, எழுந்ததும் நடக்க? முறை என்று ஒன்று இருக்கிறது. முதலில் கூட்டம். அப்புறம் குழு. அப்புறம் தலைவர். அதற்கப்புறம்தான் பயணம். இந்தக் கொண்டைக்காரரைத் தலைவராக்குவோம். தலையிலேயே கிரீடம் இருக்கிறது, நமக்குச் செலவு இல்லை. யாருக்காவது ஆட்சேபம் உண்டா?"

ஆமைக்கு ஆட்சேபம் இருந்தது. அது கழுத்தை முழுதாக வெளியே நீட்டி முடிப்பதற்குள் தீர்மானம் நிறைவேறிவிட்டது.

"தலைவரே, ஒரு வார்த்தை பேசுங்கள்!" என்றது மயில்.

'தலைவரே' என்ற சொல் காதில் விழுந்ததும் பொன்னலகனின் கழுத்து இரண்டு மடங்கு நீண்டது. ஒரு வார்த்தை என்று தொடங்கியது உச்சிவெயில்வரை போனது. நடுநடுவே அது பழம் பறித்துத் தொண்டையில் போட்டுக்கொண்டது. போட்டுக்கொண்டதும் யாராவது ஒரு கேள்வி கேட்டார்கள். பதில் சொல்வதற்காக அதை விழுங்கியது. மறுபடி பறித்தது. மறுபடி விழுங்கியது.

வெயில் சாய்ந்தபோது பச்சைப்புறாக் கூட்டம் வந்து அலகுக்கெட்டிய கிளைகளைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தது. பொன்னலகன் அகப்பட்ட கொஞ்சத்தை வாரிக்கொண்டு பறந்தது.

மலைமேல், குங்கிலிய மரத்துப் பொந்துக்குள் அதன் மனைவி வெண்விழி காத்திருந்தது. கனத்த தொண்டையோடு பறந்தால் கணவனின் இறக்கை ஒரு மாதிரி இரையும். காலித் தொண்டைக்கு வேறு மாதிரி இரையும். உள்ளே இருந்தபடியே அதற்கு வித்தியாசம் தெரியும்.

"இன்று சத்தம் லேசாக இருக்கிறதே!" என்றது வெண்விழி.

பொன்னலகன் பழங்களை நீட்டியது. சீக்கிரம் தீர்ந்துவிட்டன.

"மரத்தில் பழம் குறைந்துவிட்டது," என்றது பொன்னலகன்.

"அப்படியா? உங்கள் மூச்சில் இச்சிப்பழ வாசனை குறையவே இல்லையே!"

பொன்னலகன் பேச்சை மாற்றியது. "வெண்விழி, உனக்கு ஒரு நல்ல செய்தி. ராட்சத மரங்களைப் பார்க்கக் குட்டைக்காரர்கள் வரப்போகிறார்கள். நான்தான் தலைவர்!"

"தலைவரா?" என்றது வெண்விழி. "நல்லது. அந்தத் தலைமையை இந்தக் கீறல் வழியாகக் கொஞ்சம் கொடுங்கள். தின்ன முடிகிறதா என்று பார்க்கிறேன்."

பொன்னலகன் அன்று நேரத்தோடு தூங்கிவிட்டது.

மறுநாள் கூட்டம் இன்னும் பெரிதாக நடந்தது. குழுவுக்கு என்ன பெயர் வைப்பது என்பதில் காலை போயிற்று. 'ராட்சத மரம் காணும் குழு' என்றது பன்றி. 'ராட்சத மரத்துக்குத் தரிசனம் தரும் குழு' என்றது மயில்.

"நாம் மரத்தைப் பார்க்கப் போகிறோமா, மரம் நம்மைப் பார்க்கப் போகிறதா?" என்று கேட்டது ஆமை.

"உன்னைப் பார்ப்பது யார் என்று எனக்குத் தெரியாது. என்னை எல்லாமே பார்க்கும்!" என்றது மயில். "தலைவரே! மாலை வெயில் அந்த மரத்தின் எந்தப் பக்கம் விழும்? நான் தோகை விரித்து நிற்கும்போது மரம் எனக்குப் பின்னால் இருக்க வேண்டும். என்னை மறைக்கக் கூடாது. மரத்திடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்."

பொன்னலகன் அப்போதுதான் தொண்டையை நிரப்பியிருந்தது. விழுங்கிவிட்டுச் சொன்னது: "அதை நான் பார்த்துக்கொள்கிறேன்!"

"கிழங்கு?" என்றது பன்றி.

இன்னும் கொஞ்சம் விழுங்கிவிட்டுச் சொன்னது: "அதையும் பார்த்துக்கொள்கிறேன்!"

"ஐயா, எனக்கு ஒரு சந்தேகம்," என்றது ஆமை. "நாம் போகிற அன்று மரம் அங்கே இல்லாவிட்டால்?"

"மரம் எங்கேயடா போகும்?" என்று சீறியது மயில்.

"அது எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் அதைப் பார்த்ததே இல்லையே."

இதற்கு ஒரு நீண்ட விளக்கம் தேவைப்பட்டது. தலைவர் விளக்கினார். கேட்டவர்கள் மண்ணில் காலைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். பன்றி மட்டும் மரத்தடியில் உதிர்ந்த பழங்களைப் பொறுக்கிக்கொண்டே ஆரவாரம் செய்தது. தலைவர் பேசும்போது உணர்ச்சிவசப்பட்டு இறக்கையை அடிப்பார். கிளை குலுங்கும். பழம் உதிரும். பன்றி அந்தக் குழுவிலேயே மிகச் சிறந்த ரசிகையாக இருந்ததற்கு அதுதான் காரணம்.

அன்று மாலை பொன்னலகன் கொண்டுபோன பழங்கள் முந்தைய நாளைவிடக் குறைவு.

"குஞ்சு பொரித்துவிட்டது," என்றது வெண்விழி. குரலில் சந்தோஷமும் இருந்தது, பயமும் இருந்தது. "பெண் குஞ்சு. கண் இன்னும் திறக்கவில்லை. வாய் மட்டும் திறந்தே இருக்கிறது. நாளை நிறையக் கொண்டு வாருங்கள்."

"கொண்டு வருகிறேன். நாளை ஆமையை யார் தூக்குவது என்று ஒரு விவகாரம் இருக்கிறது. அதை முடித்துவிட்டு..."

"எந்த ஆமை?"

"எங்கள் குழுவில் இருக்கிற ஆமை."

"ஓகோ! உங்களுக்கு ஒரு குழு இருக்கிறது, அதில் ஓர் ஆமை இருக்கிறது. உங்களுக்கு ஒரு குடும்பம் இருக்கிறது, அதில் ஒரு குஞ்சு இருக்கிறது. பிந்தியதைச் சொன்னால் ஞாபகம் வருகிறதா?"

"நீ உள்ளேயே இருப்பதால் வெளியுலகம் தெரியவில்லை, வெண்விழி!" என்று சலித்துக்கொண்டது பொன்னலகன்.

"நான் யாரை நம்பி உள்ளே இருக்கிறேன்?" என்றது வெண்விழி.

பொன்னலகன் இறக்கையை உதறிக்கொண்டு பக்கத்துக் கிளைக்குத் தாவியது. இதையே கூட்டத்தில் யாராவது கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருக்கும்.

ஆமையை யார் தூக்குவது என்ற விவகாரம் ஒரு நாளில் முடியவில்லை. ஆமை முன்கூட்டியே நடக்கத் தொடங்கலாம் என்று முதலில் முடிவாயிற்று. ஆனால் அதற்கு வழி தெரியாது. வழி காட்டத் தலைவரும் கூடவே போக வேண்டும். தலைவர் போய்விட்டால் கூட்டத்தில் யார் பேசுவது? எனவே அந்த முடிவு கைவிடப்பட்டது. பன்றியின் முதுகில் ஏற்றலாம் என்றது மயில்.

"என் முதுகு என்ன மாட்டு வண்டியா?" என்று கேட்டது பன்றி. "ஏறிக்கொள்ளட்டும். ஆனால் என் பங்குப் பழம் இரண்டு மடங்கு!"

"நான் அப்படி ஒன்றும் கனமில்லை," என்றது ஆமை.

"நீ கனமில்லை. உன் வீடுதான் கனம். அதை இங்கேயே வைத்துவிட்டு வாயேன்!"

இப்படிப் பல நாள் போயிற்று. கூட்டத்தில் நடந்ததையெல்லாம் பொன்னலகன் மாலையில் கீறலருகே உட்கார்ந்து பெருமையாகச் சொல்லும். ஒவ்வொரு நாளும் பொன்னலகனின் கழுத்தில் ஒரு புதிய மாலை ஏறியது. முதலில் உண்ணிப்பூ மாலை. அப்புறம் ஆவாரம்பூ மாலை. மாலைகள் நெருங்க நெருங்க, அந்தத் தொண்டையில் பழம் வைக்கவும் இடம் குறைந்தது.

மலைமேல் போகும்போது மாலைகளைக் கழற்றி ஒரு கிளையில் மாட்டிவிட்டுப் போகும். ஒரு நாள் மறந்துவிட்டது. கீறல் வழியாக வெண்விழி அதைப் பார்த்தது.

"குஞ்சு எப்படி இருக்கிறது? சத்தமே இல்லையே, தூங்குகிறதா?"

"முதலில் பசித்தால் அழும்," என்றது வெண்விழி. "இப்போது அழுவதில்லை."

"பழகிவிட்டதா? கெட்டிக்காரக் குஞ்சு!"

வெண்விழி கீறலைவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

கடைசியில் பயண நாள் வந்தது. புறப்படும் முன் வழியனுப்பு விழா. குட்டையில் உள்ள தவளைகள் வாழ்த்துப் பாடின. தலைவர் பேசினார். தொண்டையில் கடைசியாக வைத்திருந்த பழங்களும் அந்தப் பேச்சில் உள்ளே போயின. இச்சி மரத்தில் மிச்சம் இருந்த பழங்களை மயில் ஏறி உதிர்த்தது. பயணிகள் அதை வழிச்சாப்பாடாக இலைகளில் கட்டிக்கொண்டார்கள். முதல் திருப்பம் வருவதற்குள் பன்றி எல்லாப் பொட்டலங்களையும் அவிழ்த்துவிட்டது.

பயணம் இனிதாக இல்லை. முட்காடு முடிந்து ஈரக்காடு தொடங்கியதும் அட்டைகள் ஏறின. மயிலின் தோகை கொடியில் சிக்கிக்கொண்டது. ஆமை பன்றியின் முதுகிலிருந்து நழுவி நழுவி விழுந்தது. ஒவ்வொரு தடவையும் அதைத் தேடி எடுத்து ஏற்ற வேண்டியிருந்தது.

"தலைவரே, பார்க்கிற மாதிரி ஏதாவது காட்டுங்கள்! இல்லாவிட்டால் திரும்பிவிடுவோம்!" என்று கத்தியது மயில்.

பொன்னலகன் பறந்தபடியே பக்கத்து முகட்டைக் காட்டியது. "அதோ பாருங்கள்! அந்த முகட்டில் ஓர் இச்சி மரம். நேற்று வரை பச்சையாக இருந்தது. இப்போது எப்படிச் சிவந்து பழுத்திருக்கிறது! கண்கொள்ளாக் காட்சி!"

எல்லோரும் பார்த்தார்கள். "ஆகா!" என்றார்கள். பொன்னலகனும் "ஆகா!" என்றது. அது பழம் என்பது அதற்குத் தோன்றவில்லை. காட்சி என்றுதான் தோன்றியது.

ஒருவழியாக ராட்சத மரங்களின் காட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். இருப்பதிலேயே பெரிய மரம் பொன்னலகனின் குங்கிலிய மரம்தான். அதன் முன்னால் குழுவைக் கொண்டுபோய் நிறுத்தியது.

மயில் மேலும் கீழும் பார்த்தது. "இது ஏதோ சுவர் போல இருக்கிறது. மரம் எங்கே?"

"இதுதான் மரம்!"

"உச்சி தெரியவில்லையே!"

"அவ்வளவு உயரம்!"

"தெரியாத உச்சியைக் காட்டுவதற்கா இவ்வளவு தூரம் இழுத்து வந்தீர்?" என்று முணுமுணுத்தது மயில். வெயிலும் விழவில்லை. அது தோகையை விரித்துப் பார்த்தது. அந்த மரத்தின் முன்னால் அது சின்னதாக இருந்தது. உடனே மடக்கிக்கொண்டது.

ஆமைக்கு ஓடு தடுத்ததால் அண்ணாந்து பார்க்க முடியவில்லை. வேரை மட்டும் பார்த்துவிட்டு, "நல்ல மரம். கொஞ்சம் குட்டை," என்றது. பன்றி வேரடியைத் தோண்டத் தொடங்கியது. கிழங்கைக் காணோம்.

பொன்னலகன் தாழ்ந்த கிளை ஒன்றில் அமர்ந்தது. மாலைகளைச் சரி செய்துகொண்டது.

"பெருமக்களே! இந்த மரத்தின் பெருமையைச் சொல்லத் தொடங்கினால்..."

டொக். டொக். டொக்.

மரத்துக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

"ஆகா! மரம் பேசுகிறது!" என்று கூவியது மயில். "இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே!"

டொக். டொக். மேலே பூசியிருந்த காய்ந்த சேறு பெயர்ந்து மயிலின் தலையில் விழுந்தது. பன்றி தோண்டுவதை நிறுத்தியது. மூக்கைத் தூக்கி மோந்து பார்த்தது.

"உள்ளே யாரோ இருக்கிறார்கள்," என்றது. "பறவை வாசனை. பெரிதாக ஒன்று. இளசாக ஒன்று." அதன் கடைவாயில் எச்சில் வழிந்தது.

பொன்னலகன் திடுக்கிட்டது. "வெண்விழி! என்ன செய்கிறாய்? சுவரை உடைக்காதே!"

"நீங்கள் யார்?" என்றது உள்ளேயிருந்து குரல். "எங்கோ கேட்ட குரலாக இருக்கிறது."

"நான்தான்! உன் கணவன்!"

"என் கணவர் வந்தால் இறக்கைச் சத்தம் கனமாகக் கேட்கும். இது காலித் தொண்டைச் சத்தம்."

"யார் அது?" என்று மயில் கேட்டது.

"தலைவரின் மனைவி," என்றது குரல். "வணக்கம், குழுவினரே! நீங்கள் எல்லோரும் ராட்சத மரத்தைப் பார்க்க வந்தீர்கள் அல்லவா? நன்றாகப் பாருங்கள். இதற்குள்ளே ஒரு குஞ்சு இருக்கிறது. அதன் வாய்க்கு வர வேண்டிய பழங்களை உங்கள் தலைவர் விழுங்கிவிட்டு உங்களிடம் பேசினார். கீழே விழுந்ததை நீங்கள் தின்றீர்கள். மரம் எப்படி இருக்கிறது, பெரிதாக இருக்கிறதா?"

ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. அதற்கு அந்த வசதி இருந்தது.

"நாங்கள் மரம் பார்க்க வந்தோம். குடும்பச் சண்டை பார்க்க வரவில்லை," என்றது மயில்.

"நான் இரண்டையும் பார்ப்பேன்," என்றது பன்றி. சேறு பெயர்ந்த இடத்துக்கு நேர் கீழே வந்து உட்கார்ந்துகொண்டது. "மேலே இருந்து ஏதாவது விழுந்தால் அதையும் பார்த்துக்கொள்வேன்."

"அக்கா! நீங்கள் எங்கள் குழுவில் இருக்கிறீர்கள்!" என்று அலறியது பொன்னலகன்.

"குழு வேறு, பசி வேறு, தம்பி. வழிச்சாப்பாடு தீர்ந்துபோய் வெகுநேரம் ஆகிறது."

"கேட்டீர்களா, தலைவரே?" என்றது வெண்விழி. அதன் குரல் இப்போது மெலிந்திருந்தது. "சுவரை உடைத்து இவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால், எனக்குச் சிறகில்லை. நேராகப் பன்றியின் வாய். உடைக்காமல் உள்ளேயே இருந்தால், குஞ்சு இன்று மாலைவரை தாங்காது. இரண்டில் எது என்று உங்கள் குழுவைக் கூட்டி முடிவு செய்து சொல்லுங்கள். பெயர் வைக்க ஒரு நாள் ஆகுமா? ஆமையைத் தூக்க எத்தனை நாள் ஆகும்?"

பொன்னலகன் அலகைத் திறந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று பார்த்தது.

"பேசுங்கள், தலைவரே!" என்றது மயில், பழக்கத்தில்.

பொன்னலகன் கீழே பார்த்தது. மேலே பார்த்தது. பொந்துக்குள்ளிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. அது அழுகை இல்லை. அழப் பார்த்து முடியாமல் போன சத்தம்.

பொன்னலகன் அலகை மூடிக்கொண்டது. கழுத்தில் கிடந்த மாலைகளைக் கிளையில் உரசி அறுத்துப் போட்டது. பக்கத்து முகட்டை நோக்கி ஒரே பாய்ச்சலாகப் பறந்தது. காட்சி என்று அது எல்லோருக்கும் காட்டிய அதே இச்சி மரம். இப்போதுதான் அது பழம் என்று தெரிந்தது.

"தலைவரே! கீழே இறங்குகிற வழி?" என்று மயில் பின்னாலிருந்து கத்தியது.

பொன்னலகன் திரும்பி வந்தபோது இறக்கைச் சத்தம் காட்டையே அதிரவைத்தது. அவ்வளவு கனம். உள்ளே வெண்விழி டொக் டொக்கென்று கொத்துவதை நிறுத்தியது.

மயில் குறுக்கே வந்து நின்றது. "தலைவரே, ஒரே ஒரு வார்த்தை! வழியை மட்டும் சொல்லிவிடுங்கள்! இருட்டப் போகிறது! அட்டை வேறு கடிக்கிறது!"

பொன்னலகன் வாயைத் திறக்கவில்லை. மயிலின் தலைக்கு மேலாகப் பறந்து கீறலருகே போய் உட்கார்ந்தது. ஒரு பழம். இன்னொரு பழம். மறுபடி ஒன்று.

"தலைவரே!"

இன்னொரு பழம்.

"இதென்ன மரியாதை! உம்மைத் தலைவராக்கியது யார் என்று ஞாபகம் இருக்கட்டும்!"

இன்னொரு பழம்.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து கீச்சென்று ஓர் அழுகை கேட்டது. நல்ல, கோபமான, பலமான அழுகை. பொன்னலகன் கண்ணை மூடித் திறந்தது. மறுபடியும் முகட்டுக்குப் பறந்தது.

இனி எதுவும் மேலே இருந்து விழாது என்று பன்றிக்குப் புரிந்தது. அது பெருமூச்சு விட்டு எழுந்து, தன் கால்தடத்தை மோந்து மோந்து கீழே இறங்கத் தொடங்கியது. மயில் அதன் பின்னால் போனது. ஆமையை யாரும் தூக்கவில்லை. அது உருண்டே பாதி வழி போனது. அதுதான் அந்தப் பயணத்தில் வேகமான பகுதி.

குட்டைக்குத் திரும்பியதும் எல்லோரும் கேட்டார்கள்: "ராட்சத மரம் எப்படி இருந்தது?"

"வெறும் பேச்சு!" என்றது மயில். "உச்சியே இல்லை. தலைவருக்கு மரியாதை தெரியவில்லை."

"கிழங்கும் இல்லை," என்றது பன்றி.

அடுத்த வாரமே அருவி பார்க்கப் போகலாம் என்று குழு கூடியது. வாயில் மீனோடு கரையில் நின்ற ஒரு கொக்கைப் பார்த்தார்கள்.

"கொக்காரே! உம்மைத் தலைவராக்குகிறோம். ஒரு வார்த்தை பேசுங்கள்!" என்றது மயில்.

கொக்கு அவர்களை ஒரு கண்ணால் பார்த்தது. பிறகு மீனோடு தன் கூட்டுக்குப் பறந்துவிட்டது.

மழைக்காலம் வந்தது. வெண்விழிக்குச் சிறகு மறுபடி முளைத்தது. குஞ்சு பறக்கும் அளவுக்கு வளர்ந்தது. ஆனால் மற்ற இருவாச்சிக் குஞ்சுகள் எல்லாம் காட்டைச் சுற்றி முடித்த பிறகுதான் அது நடந்தது. தாயும் மகளும் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள்.

எதிர்க்கிளையில் பொன்னலகன் உட்கார்ந்திருந்தது. தொண்டை புடைத்திருந்தது. மகளை முதல் தடவையாக முழுதாகப் பார்த்தது. கண்ணில் நீர் வந்தது. வாயில் வார்த்தை வரவில்லை.

குஞ்சு தாயிடம் கேட்டது: "அம்மா, அப்பாவுக்குப் பேசத் தெரியாதா?"

"நன்றாகத் தெரியும்," என்றது வெண்விழி. "அதனால்தான் உனக்குச் சிறகு முளைக்க இவ்வளவு நாள் ஆயிற்று."

வீட்டில் காத்திருக்கும் வாய்க்குப் போக வேண்டியதைத் தானே விழுங்கிவிட்டு ஊராரின் பாராட்டுக்குப் பேசுகிறவன், எவ்வளவு பெரிய மரத்தடியில் நின்றாலும் சிறியவனே.